கபீர் பாயின் சோயா மோர்

குற்றாலத்தில் சீசன் நாட்களில் விற்காத பொருள் கிடையாது. மங்குஸ்தான், ரம்புட்டான், மலைத்தேன், நேந்திரங்காய் சிப்ஸ், மூட்டுக்குப் பூசும் தைலம் என்று சாலையின் இரண்டு பக்கமும் கடைகள் நிற்கும். 1980 முதல் 1984 வரை ஐந்து சீசன்களில், பேரருவிக்குப் போகிற வழியில், பரோட்டா கடைகளுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் சோயா மோர் விற்றது. அதை விற்றவர் அகமது கபீர். எனக்குக் கபீர் பாய். அவருக்கு நான் அகிலா டீச்சர். கல்லூரியில் ரசாயனம் நடத்துகிறவளை டீச்சர் என்று கூப்பிடுவது எனக்கு அப்போது குறைவாகப் பட்டது. இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை.

கபீர் பாய் தென்காசியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தெட்டு வயது வரை குழித்தறியில் உட்கார்ந்து நெய்திருக்கிறார். நூல் விலை ஏறி, தறிகள் ஒவ்வொன்றாக நின்றுபோன காலத்தில், 1971-இல் பம்பாயிலிருந்து கப்பலேறிக் குவைத் போனார். அங்கே ஒரு பால் ஆலையில் பாத்திரம் கழுவும் வேலை. இரண்டு வருடத்தில் அவரை உறை அறைக்கு மாற்றினார்கள். அந்த நாட்டில் 'லபன்' என்று ஒரு மோர் உண்டு. அதற்கான உறையை வளர்த்துப் பாதுகாக்கும் குளிர்ந்த அறை அது. காலையில் போனதும் ஒவ்வொரு கேனாகத் திறந்து மோந்து பார்த்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்து, எது தேறும் எது தேறாது என்று சொல்வதுதான் அவர் வேலை. சொன்னது தவறவே இல்லை என்பதால் ஆறு வருடம் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த அறையின் குளிரே பிறகு அவருக்கு எமனாக வந்தது. இளைப்பு கண்டது. வேறு வேலை என்றால் லாரியில் ஏற்றி இறக்குகிற வேலைதான் என்றார்கள். இளைப்புக்காரனால் அது முடியாது. 1979-இல் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வருடம் அவருடைய மைத்துனர் முகம்மது மீரான் அச்சன்புதூரில் குத்தகை நிலத்தில் சோயா போட்டிருந்தார். விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, இது புதுப் பயிர், சத்து மிகுந்தது, அரசாங்கமே ஊக்கம் கொடுக்கிறது என்று சொல்லி விதையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பயிர் நன்றாகவே வந்தது. எட்டு மூட்டை. வாங்கத்தான் ஆள் இல்லை. செக்குக்காரர் தொடவில்லை. மளிகைக் கடைக்காரர் ஒரு பிடியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு திம்பா?" என்று திரும்பக் கொட்டினார். மீரான் வீட்டில் எலித் தொல்லை. எட்டு மூட்டையும் கபீர் பாய் வீட்டு நடைக்கு வந்து சேர்ந்தன.

கபீர் பாயின் மனைவி ஷமீம் பானு முதலில் சுண்டல் செய்து பார்த்தார். தெருவில் ஒருவரும் இரண்டாவது வாய் எடுக்கவில்லை. ஊறவைத்து அரைத்துப் பாலாகப் பிழிந்தால் பச்சை வாடை ஆளைத் தூக்கியது. பயறைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, சூட்டோடு சூடாக அரைத்தால் அந்த வாடை பாதிக்கு மேல் போய்விடும் என்று கண்டுபிடித்தது ஷமீம் பானுதான். எந்தப் புத்தகத்திலும் அவர் பார்க்கவில்லை. ஆட்டுக்குடலைச் சுத்தம் செய்கிறபோது வெந்நீர் வாடையை எடுத்துவிடுகிறதே, இதற்கும் எடுக்காதா என்று யோசித்திருக்கிறார். ஆனாலும் அந்தப் பாலைக் குடித்தவர்களுக்கு வயிறு உப்பியது.

"பால்னு ஒண்ணு இருந்தா அது உறையும். உறைய வச்சுப் பாப்பம்" என்றார் கபீர் பாய்.

அதற்கப்புறம் அவர் செய்ததைத் தென்காசியில் பலர் கேலியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். வீடு வீடாகப் போய் உறைமோர் கேட்டார். ஒன்பது வீட்டு மோர். ஒன்பது தம்ளரில் சோயாப் பாலை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டு உறையை விட்டு, எத்தனை மணிக்கு எது என்ன ஆனது என்று குவைத்திலிருந்து கொண்டுவந்த டைரியில் குறித்தார். சிலது தண்ணீரும் திப்பியுமாகப் பிரிந்தது. ஒன்று கோழையாக இழுத்தது. ஒழுங்காக உறைந்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் முதல் இடம் இலஞ்சியில் மெஸ் நடத்திய கோமதியம்மாள் வீட்டு உறைக்கு.

கோமதியம்மாளை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நான் அந்த மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். கபீர் பாய் உறை கேட்டு வந்த கதையைப் பிற்பாடு கோமதியம்மாளே எனக்குச் சொன்னார். அது ஒரு வெள்ளிக்கிழமை. கையில் ஒரு பித்தளைத் தூக்கு.

"வெள்ளிக்கிழமை உறை குடுக்கதில்ல, அண்ணாச்சி. நாளைக்கு வாங்க" என்றார் கோமதியம்மாள்.

"நாளைக்கும் வாரேன். அப்பவும் இல்லைன்னு சொல்லிராதிய."

"பசும்பாலுக்குன்னா தாரேன். ஏதோ பயத்தம்பாலுக்குன்னு சொல்லுதாவளே?"

"பாலு எதுன்னு உறைக்குத் தெரியுமாம்மா? பசியா இருந்தா தின்னும்."

கோமதியம்மாள் சிரித்துவிட்டார். மறுநாள் தூக்கு நிறையக் கொடுத்தார்.

1980 சீசனில் கடை வைத்தபோது, முதல் இடம் அருவிக்கரைக்குப் பக்கத்தில். சாரலில் நனைந்து, அருவியில் நடுங்கி, பல் கிட்டி வருகிற மனிதனுக்கு மோரா வேண்டும்? அவன் டீக்கடைக்கும் பஜ்ஜிக் கடைக்கும் ஓடினான். இருபது நாள் கழித்துக் கபீர் பாய் கொட்டகையைப் பிரித்துப் பரோட்டா கடைகளுக்கு எதிரே கொண்டுவந்தார். சால்னாவில் ஊறிய பரோட்டாவை அடுக்கடுக்காகத் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்கள். உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, கீறின பச்சை மிளகாய் போட்ட மோர். சோயா என்று சொல்லித்தான் கொடுப்பார். சொல்லாமல் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களிடம், "குடிக்கிறவனுக்குத் தெரியணும்லா" என்பார்.

நான் அந்தக் கடைக்குப் போனது 1981 ஜூனில். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலை பார்த்துக்கொண்டே எம்.ஃபில். செய்துகொண்டிருந்தேன். பயறு வகைகளில் இருக்கும் ஐசோஃபிளேவோன் என்ற பொருட்கள் என் தலைப்பு. செடி தனக்காகச் செய்துகொள்கிற பொருட்கள் அவை. கொள்ளு, பச்சைப் பயறு, தட்டப்பயறு என்று வரிசையாக அரைத்துச் சலித்துப்போயிருந்த நேரம். சோயாவில்தான் அவை மிகுதி என்று படித்திருந்தேன். தென்காசியில் சோயா எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் இருந்தவளிடம், ஒரு மாணவி, "குத்தாலத்துல ஒரு பாய் மோர் விக்காரு மேடம்" என்றாள்.

ஒரு தம்ளர் குடித்தேன். புளிப்பு, உப்பு, இஞ்சி எல்லாம் போன பிறகு அடிநாக்கில் லேசாக ஒரு துவர்ப்பு நின்றது. கசப்புக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்ட துவர்ப்பு.

"இந்தத் துவர்ப்பு பாலிலேயே உண்டா, பாய்?"

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வருசமா விக்கேன். இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதான். பால்ல இவ்வளவு கெடையாது. உறை விட்டு ஆறு மணி நேரத்துக்கு மேலதான் தலை காட்டுது. பத்து மணி நேரத்துல நல்லாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நாக்குத்தான்" என்று சொல்லி டைரியை எடுத்துக் காட்டினார். ஒன்பது உறைகள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி. நான் அதுவரை பார்த்த எந்த மாணவரின் ஆய்வக நோட்டும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. உறை விடும் முன்பும், விட்ட பிறகு நாலு, எட்டு, பன்னிரண்டு, இருபத்து நாலாவது மணியிலும் ஒவ்வொரு சின்னப் பாட்டில் எடுத்து, அதற்குமேல் புளிக்காமல் இருக்கக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துத் தருவார். மறுநாள் காலையில் அவரே சைக்கிளில் கல்லூரி வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். முதல் தொகுப்பில் எனக்கு எல்லாம் தலைகீழாக வந்தது. புளிக்காத பாலில் இருக்கவேண்டியது புளித்ததில் இருந்தது. இரண்டு நாள் மண்டையைக் குழப்பிக்கொண்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. பால் ஆலைப் பழக்கத்தில் பாட்டில்களில் ஒன்றிலிருந்து ஐந்து வரை அரபி எண் போட்டிருந்தார். அரபியில் ஐந்து நம் சைபரைப் போல இருக்கும். ஐந்தாவது பாட்டிலை நான் சைபர் மணி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த தடவை எல்லாப் பாட்டிலிலும் தமிழில் 'நாலு மணி', 'எட்டு மணி' என்று எழுதி நூலால் கட்டியிருந்தது.

நான் செய்தது இதுதான். மோரிலிருந்து அந்தப் பொருட்களைச் சாராயத்தில் பிரித்தெடுத்து, கெட்டியான வடிதாளின் அடியில் ஒரு பொட்டு வைத்து, தாளின் ஓரத்தை ஒரு கரைப்பானில் நனைய விடுவேன். கரைப்பான் தாளில் ஏறும்போது ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு உயரத்துக்குப் போய் நிற்கும். அம்மோனியா ஆவி காட்டி, ஊதா விளக்கின் அடியில் பார்த்தால் பொட்டுகள் தெரியும். சோயாவில் இந்தப் பொருட்கள் பெரும்பாலும் ஒரு சர்க்கரையைச் சுமந்துகொண்டு இருக்கும். சுமையோடு இருப்பது தாளில் கீழேயே நின்றுவிடும். சர்க்கரை கழன்றது மேலே போகும். புளிக்காத பாலில் கீழ்ப் பொட்டுகள் பெரிதாகவும், மேல்பொட்டுகள் இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும்படியும் இருந்தன. எட்டு மணி நேரத்தில் மேல்பொட்டுகள் துலங்கின. இருபத்து நாலு மணி நேரத்தில் கீழ்ப் பொட்டுகள் வெளிறி, மேலே நல்ல பெரிய பொட்டுகள்.

மோரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தேடுகிறது. அந்தப் பொருளோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் விடாமல் பிய்த்துத் தின்கிறது. கபீர் பாயின் நாக்கு உணர்ந்த துவர்ப்பு, சர்க்கரை போன பிறகு மிஞ்சியதன் ருசியாக இருக்கவேண்டும்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே பஸ்ஸைப் பிடித்துக் குற்றாலம் போனேன். கடையில் நாலைந்து பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய்! புளிக்கவச்சதும் அந்தச் சத்து ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருக்கு!"

கபீர் பாய் ஒரு தம்ளரை நிரப்பி என்னிடம் நீட்டினார். குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, கேட்டீர்களா என்பதுபோலப் பார்த்தார். எட்டு மூட்டையைப் பார்த்து ஊரே சிரித்தது அவருக்கு மறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் போனபோது கொட்டகைக்கு மேலே புதுப் போர்டு. பச்சை எழுத்தில்: 'சோயா மோர். புளிப்பதால் சத்து இரட்டிப்பு. கல்லூரியில் சோதித்தது.' எனக்கு முதலில் கூச்சம். பிறகு, உள்ளதைத்தானே போட்டிருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூட்டம் கூடிவிட்டது. ஷமீம் பானு வீட்டில் இரண்டு ஆட்டுரலில் அரைத்தார். மீரானின் மனைவியும் உதவிக்கு வந்தார்.

கண்ணால் பொட்டைப் பார்த்துப் பெரிசு சிறிசு என்று சொல்வது அளவு ஆகாது. பொட்டுகளை வெட்டி எடுத்து, கரைத்து, கருவியில் வைத்து அளக்கவேண்டும். எங்கள் கல்லூரியில் அந்தக் கருவி கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று நாள் உட்கார்ந்து அளந்தேன். மேல்பொட்டில் இருக்கும் பொருள் பல மடங்கு கூடியிருந்தது உண்மை. அதே கணக்குக்குக் கீழ்ப்பொட்டில் இருந்தது குறைந்திருந்தது. இரண்டையும் கூட்டினால் புளிப்பதற்கு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான். புளிப்பு எதையும் உண்டாக்கவில்லை. இருந்ததை வேறு உருவத்துக்கு மாற்றியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. ஆரம்பத்தில் ஒழுங்காக உறைந்த மற்ற இரண்டு வீட்டு உறைகளிலும் பாய் மோர் செய்து தந்திருந்தார்; அவற்றையும் அளந்திருந்தேன். ஒன்றில் கோமதியம்மாள் உறையைவிடப் புளிப்பு அதிகம். ஆனால் கீழ்ப்பொட்டு கீழேயே இருந்தது. புளிப்பது வேறு, சர்க்கரையைக் கழற்றுவது வேறு. எல்லா உறைக்கும் அந்தக் கைவேலை தெரியாது.

அறிவியலுக்கு இது முதல் கண்டுபிடிப்பைவிட நல்ல கண்டுபிடிப்பு. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. பச்சை எழுத்துப் போர்டுதான் கண்முன் நின்றது.

நேராகக் கடைக்குப் போனேன். சாரல் வலுத்திருந்த சாயங்காலம். பெஞ்சில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மதுரைப் பக்கம் லேகியமும் தைலமும் செய்து விற்கிற அப்துல் ஜப்பார் என்று கபீர் பாய் அறிமுகம் செய்தார். சோயா மோரைக் கெட்டியாக்கிப் பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம் என்று கேட்டு வந்திருக்கிறார். லேபிளில் மூட்டுவலி, நரம்புத் தளர்ச்சி, பெண்களுக்கான கோளாறு எல்லாம் தீரும் என்று போடவேண்டும். கல்லூரிச் சோதனை என்ற வரி கட்டாயம் இருக்கவேண்டும்.

"நல்ல சமயத்துல வந்தீங்க டீச்சர். இவங்கதான் சோதிச்சவங்க" என்றார் கபீர் பாய், முகமெல்லாம் மலர்ந்து.

நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு சொன்னேன். "பாய், நான் அவசரப்பட்டுட்டேன். ரெண்டு மடங்கு ஆகலை. மொத்தம் அப்படியேதான் இருக்கு. உருவம்தான் மாறியிருக்கு. அந்த மாறுன உருவம் உடம்புக்கு என்ன செய்யும்னும் எனக்குத் தெரியாது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமக் காக்கும்னு எழுதியிருக்காங்க. வேற நாட்டுல இந்தப் பொருள் உள்ள செடியைத் தின்ன ஆடுகளுக்குச் சினை பிடிக்கலைன்னும் எழுதியிருக்காங்க. நல்லது கெட்டது சொல்லுத அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது."

ஜப்பார் கையமர்த்தினார். "அதெல்லாம் நீங்க உங்க புஸ்தகத்துல எழுதிக்கங்கம்மா. லேபிள் என் பாடு."

கபீர் பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம், "இன்னொரு தடவ சொல்லுங்க. சர்க்கரை எங்கன போவுது?" என்றார்.

சொன்னேன்.

மோர்ப் பானையைக் கிண்டிக்கொண்டே பேசினார். "தறிக்குப் போகும் முன்ன பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம். துணியா நெஞ்ச பொறவு அலசினாக் கஞ்சி போயிரும். துணி மெதுவாயிரும், உடுத்த நல்லாருக்கும். அதுக்காவ நூல் கூடிட்டுன்னு சொன்னா எவனாவது ஒத்துக்கிடுவானா? இது அதான?"

"அதேதான், பாய்."

"அப்ப நான் ரெண்டு மாசமா நூல் கூடிட்டுன்னு வித்திருக்கேன்."

 அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். இளைப்பில் மூச்சு வாங்கியது. ஜப்பார், "என்ன செய்யுதீரு? காலையில நிதானமா யோசியும்" என்று எழுந்தார். கபீர் பாய் போர்டைக் கம்பியிலிருந்து கழற்றிக் கீழே இறக்கி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்துவைத்தார். ஜப்பார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவர் வரவே இல்லை.

அடுத்த ஞாயிறு கபீர் பாய் வீட்டுக்குப் போனேன். ஷமீம் பானு என்னை உட்காரச் சொன்னார், காபி கொடுத்தார். முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போதுதான் வாய் திறந்தார்.

"வாயால சொல்லுததுக்கு முன்னாடி ஒருக்கா சரி பாத்திருக்கப்படாதா, டீச்சர்? ரெண்டு மாசமா என் தோளு எறங்குது. ஊரு சிரிச்சது நின்னுச்சேன்னு இருந்தேன். இப்பம் அவுக போர்டை எறக்குனதுக்கும் சேத்துச் சிரிக்காவ."

"தப்பு என்னுதுதான்" என்றேன்.

"ஏட்டி, விடு. டீச்சர் வந்து சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரியவா போவுது? வந்து சொன்னாகள்லா" என்றார் உள்ளேயிருந்து கபீர் பாய்.

ஷமீம் பானு காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். ஆனால் அடுத்த தடவை போனபோது, கேட்காமலே எனக்கு ஒரு தட்டில் இடியப்பம் வந்தது.

கபீர் பாய் புதுப் போர்டுக்கு உண்மையான வாசகம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். நான் மூன்று வரி எழுதினேன். வாசித்துவிட்டு, "இதைப் படிச்சு முடிக்கதுக்குள்ள பஸ் போயிரும்" என்றார். கடைசியில் 'சோயா மோர்' என்று மட்டும் எழுதி மாட்டினார். கூட்டம் குறைந்தது; கடை ஓடியது. கொழுந்துவிட்டு எரியாத அடுப்பைப் போல மூன்று சீசன் நின்று நிதானமாக ஓடியது. அந்த மூன்று வருடமும் எனக்குச் சாம்பிள் வந்துகொண்டே இருந்தது. சனிக்கிழமைகளில் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அவர் டைரியையும் என் நோட்டையும் ஒப்பிடுவோம். எந்த மணியில் துவர்ப்பு வந்தது என்று அவர் முதலில் சொல்வார். தாளில் மேல்பொட்டு எழுந்த மணியை நான் பிறகு சொல்வேன். பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதபோது தாள்தான் தப்பு என்று அவர் சாதிப்பார். இரண்டு தடவை அப்படியே ஆனது. கரைப்பானை நான் சரியாகக் கலக்கவில்லை. அருவி இரைச்சலும், எதிர்க் கடையில் கல்லின்மேல் கரண்டி அடிக்கிற ஓசையும், நனைந்த சட்டைகளின் வாசனையுமாக அந்தச் சனிக்கிழமைகள் என் வாலிபத்தின் நல்ல பகுதி. எனக்கு அப்போது அது தெரியாது. ஆய்வேட்டை முடித்தால் போதும் என்று இருந்தேன்.

ஆய்வேட்டின் நன்றியுரையில் 'திரு. அகமது கபீர், குற்றாலம்' என்று எழுதியிருந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் பேனாவால் அடித்துவிட்டார். "மோர்க்கடைக்காரர் பேரெல்லாம் வேண்டாம். கேள்வி வரும்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பைண்டு செய்த பிரதியைக் கபீர் பாயிடம் காட்டியபோது, அவர் பொட்டுகளின் போட்டோவை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெயரைத் தேடினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

1984 சீசன் தொடங்கிய சில நாளில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். ஷமீம் பானு கூடவே இருந்தார். வீட்டில் உறையைத் தினமும் புதுப்பிக்க ஆள் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது பானையில் பூஞ்சை. கொட்டிக் கழுவிவிட்டு, நடக்கவே தெம்பில்லாத உடம்போடு இலஞ்சிக்குப் போனார். கோமதியம்மாள் அதற்கு எட்டு மாதம் முன்னாலேயே மெஸ்ஸை மூடிவிட்டு மகனோடு பிலாய்க்குப் போயிருந்தார். அந்த உறையை வாங்கிய வேறு வீடு எதுவும் இல்லை. நான் என் ஆய்வகத்தில் ஒரு குழாயிலாவது வைத்திருக்கலாம். ஆய்வேடு முடிந்ததும் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

மறுபடி வீடு வீடாகப் போனார். இந்த முறை பதினாலு வீடு. நன்றாக உறைகிற ஒன்று கிடைத்தது. நல்ல மணம், நல்ல புளிப்பு. குடித்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

"இல்ல டீச்சர். அடிநாக்குல வரல" என்றார்.

பழைய தாளும் கரைப்பானும் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். கீழ்ப்பொட்டுகள் இருபத்து நாலு மணி நேரமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்று அவர் அழவில்லை, புலம்பவில்லை. சீசனின் மிச்ச நாட்களில் அந்த மோரைத்தான் விற்றார். ஆனால் வழக்கமாக வருகிற ஒவ்வொருவரிடமும், "இது பழைய உறை இல்ல. வேற" என்று சொல்லிவிட்டே தம்ளரை நீட்டினார். குடித்தவர்கள், "அதே மாதிரிதான் இருக்கு பாய்" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வேதனையாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறு வருடம் மீரான் சோயா நிலத்தில் தென்னம்பிள்ளை வைத்துவிட்டார். கபீர் பாய் கடை போடவில்லை. தகரத்தை விற்றுவிட்டார்.

இரண்டு வருடம் சும்மா இருந்தார். பிறகு வாசுதேவநல்லூரில் ஒரு பால் சங்கத்தில், வருகிற பாலைச் சோதித்து வாங்கும் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டார்.

1989-இல், மதுரைக்குப் போகிறபோது தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். தாடி முழுதும் நரைத்திருந்தது. மதுரை பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டை எனக்கு விட்டுவிட்டு, அவர் முன் சீட்டுக்குப் போனார். கடையநல்லூர் வரை குடும்ப விசாரிப்பு. பெரிய மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஷமீம் பானுவுக்குத் தோள்வலி குறைந்திருக்கிறது. அவருக்கும் இளைப்பு முன்போல இல்லை.

"வேலை எப்படி, பாய்?"

"நல்லாருக்கு. லாக்டோமீட்டர் குடுத்திருக்காவ. அதுக்கு முன்ன நான் மோந்து பாத்துருவேன். பொறவு அது சொல்லுததையும் பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தார்.

புளியங்குடி தாண்டியதும் திரும்பி உட்கார்ந்தார். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். சர்க்கரை போன அந்தப் பொருளு வயித்துக்குள்ள போயி என்ன செய்யுதுன்னு யாராவது கண்டுபிடிச்சாகளா?"

"இன்னும் தேடுதாங்க, பாய். ஜப்பான்ல, அமெரிக்காவுல எல்லாம் இப்பத்தான் மும்முரமா இறங்கியிருக்காங்க. சர்க்கரை கழன்றதை உடம்பு சுலபமா எடுத்துக்கிடும்னு நினைக்காங்க. உறுதியா ஒண்ணும் வரலை."

"உறுதியா வராம சொல்லாதிய" என்றார். கேலியா, கண்டிப்பா என்று தெரியாத குரல். எனக்கு முகம் சுட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன். உங்க மேல எனக்கு என்ன கோவம்? ஒன்பது தம்ளர வச்சுக்கிட்டு ஒருத்தன் வெளையாடிக்கிட்டு இருந்தான். அது வெளையாட்டு இல்லைன்னு மொதல்ல சொன்ன ஆளு நீங்க" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வாசுதேவநல்லூரில் பஸ் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "கண்டுபிடிச்சா ஒரு கார்டு போடுங்க டீச்சர். பால் சங்கம்னு போட்டாப் போதும், வந்துரும்" என்றார்.

"போடுதேன், பாய்."

எதிரே சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் சைக்கிள்களில் கேன்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. யாரோ, "பாய் வந்தாச்சு" என்று குரல் கொடுத்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போய், முதல் கேனின் மூடியைத் திறந்து குனிந்தார். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது.